மாமியார் வீட்டைத் திறந்துவிட்டவன்

என்னைப் பார்த்தால் கடல் ஆய்வு செய்யும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானே சொன்னாலும் இரண்டாவது முறை கேட்பார்கள். கடல் இல்லாத ஊரான நாசரேத்தின் செம்மண்ணில் புரண்டு வளர்ந்தவன் நான். வள்ளத்தில் கால் வைத்தால் போதும், கரை கண்ணை விட்டு மறைவதற்குள் காலையில் தின்ற இட்லி என்னை விட்டுப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று முறை கடலுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று முறையும் மீன்களுக்குத்தான் லாபம். நான்காவது முறை என்னைக் கரையில் விட்டுவிட்டு, "நீங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அலுவலகம் மில்லர்புரத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. மொத்தம் ஏழு பேர். கீழே யாரோ ஒருவரின் கடைவாயைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் கடலைக் காப்பாற்றினோம். படம், அட்டவணை, அறிக்கை எல்லாம் எல்லோரும் சேர்ந்து திறந்து வேலை செய்கிற ஒரு மென்பொருளில் இருந்தன. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிக்கிற அட்மின் நான்தான்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது. வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூட எனக்கு அனுமதி கிடையாது. இங்கே அப்படியில்லை. சென்னையில் உட்கார்ந்திருக்கிற டைரக்டர் மேடத்துக்குக்கூட ஒரு கோப்பு வேண்டுமென்றால், என் போனில் 'டிங்' என்று ஒரு விண்ணப்பம் வரும். நான் கொஞ்ச நேரம் காக்க வைப்பேன். பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று மூன்று படிகள் உண்டு. எனக்கு டீ வாங்கித் தராதவர்களுக்கு முதல் படியோடு சரி. புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து, "அனுமதிங்கிறது சாவி மாதிரி. கேட்டவன் கையிலல்லாம் குடுக்கக்கூடாது" என்று முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த வகுப்பை நினைத்தால் இப்போது என் காதே கூசுகிறது.

அந்தச் சமயத்தில் சங்கு குளிக்கிறவர்கள், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள், போகும் இடங்களைக் குறித்துவைக்கும் வேலை ஒன்று எங்களிடம் இருந்தது. நாளைக்கே கடலுக்குள் குழாய் பதிக்கிறோம், மண் அள்ளுகிறோம் என்று ஏதாவது திட்டம் வந்தால், "இது எங்க ஆள்கள் பிழைக்கிற இடம்" என்று எடுத்துக் காட்ட ஒரு பதிவு வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் சங்கு கிடைக்கிற இடத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். கோயில் கோபுரத்துக்கு நேரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி வர வேண்டும், கலங்கரை விளக்கத்துக்கு நேரே இன்னொன்று வர வேண்டும், இரண்டும் கூடுகிற புள்ளிதான் இடம் என்று அவர்களுக்குள் அடையாளம் உண்டு. இப்போது போனிலேயே குறித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ரகசியம் ரகசியம்தான். அடுத்த வள்ளம் பக்கத்தில் வந்தால், பிடிப்பு இருந்தாலும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் நிற்பார்கள்.

குளிக்கிறவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி ஒன்று ஏற்பாடு செய்தோம். பிரியாணி, தொப்பி, சான்றிதழ் எல்லாம் உண்டு. அன்றைக்கு மண்டபத்தின் ஒரு மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு வள்ளக்காரராகக் கூப்பிட்டேன். பதின்மூன்று பேர் இடம் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் சொன்னது, ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பழைய இடங்களும் சில சொந்த இடங்களும். பதின்மூன்றாவதாக வந்தவர் திரேஸ்புரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைத் தன் தோளால் மறைத்தபடி உட்கார்ந்தார்.

"தம்பி, இத யாரெல்லாம் பாப்பாவ?"

"நான், எங்க மேடம், அறிக்கை எழுதுத ஒருத்தர். மூணே பேருதான் அண்ணாச்சி."

"மேடம் சங்கு குளிக்க வருவாவளா?"

"அவங்க நீச்சல் குளத்துக்கே போகமாட்டாங்க."

"நீங்க?"

"நான் குளிக்கதே வாரத்துக்கு ரெண்டு தடவதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு போனை எடுத்து இடத்தைக் காட்டினார். இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஒரு மணல் பரப்பு. போன வருடம் தற்செயலாகக் கண்டுபிடித்ததாம். அவருக்கும் அவர் வள்ளத்தில் இருக்கும் மச்சினனுக்கும் மட்டும்தான் தெரியும். வள்ளத்தில் வரும் மற்ற மூன்று பேருக்குப் போகும் வழி சரியாகப் பிடிபடாது.

"பேரு என்ன போட?"

"மாமியார் வீடுன்னு போடுங்க. எப்பப் போனாலும் சோறு உண்டு."

அப்படியே அடித்தேன். அட்டவணைக்குப் பூட்டுப் போட்டு, மூன்று பேருக்கு மட்டும் அனுமதி என்று அவர் கண் முன்னாலேயே காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் அந்தச் சின்னப் பூட்டுப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செய்த தவறு என்னவென்றால், அவசரத்தில் அந்த அட்டவணையை அன்றைய பயிற்சிப் படங்கள் இருந்த உறைக்குள்ளேயே, அதாவது ஃபோல்டருக்குள்ளேயே, 'இதர' என்று ஒரு சிறு உறை போட்டு வைத்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையின் பாதி அந்த 'இதர' உறைக்குள்தான் கிடக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் போன் மேல் போன். "சார், தொப்பி போட்டுக்கிட்டு எடுத்த போட்டோவ அனுப்புங்க." "சார், சர்டிபிகேட் வாங்கும்போது நான் கண்ண மூடிட்டனான்னு பாத்துச் சொல்லுங்க." முந்நூறுக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றாக அனுப்பச் சோம்பல். மேலே இருந்த உறையையே 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றி, குளிக்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். மாற்றும்போது திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது: உள்ளே இருக்கும் அனைத்துக்கும் இது பொருந்தும், சரியா?

சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? அட்டவணைக்குப் போட்ட தனிப் பூட்டு தாங்கும் என்று நம்பினேன். அது தாங்காது. வெளிவாசலைத் திறந்துவிட்டால் உள்ளறைக் கதவுகளும் தாமாகத் திறந்துகொள்ளும்படிதான் அந்த மென்பொருளைக் கட்டியிருக்கிறார்கள். என் வகுப்பிலேயே அதை ஒரு வரி சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கவனித்திருப்பார்கள். சொன்னவன்தான் கவனிக்கவில்லை.

குழுவில் நன்றி மழை. கைகூப்பிய படம், ரோஜாப்பூப் படம். ஒருவர் மாதா படம்கூடப் போட்டார்.

பத்து நாள் போயிருக்கும். திரேஸ்புரத்து அண்ணாச்சி ஒரு மத்தியானம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கூப்பிட்ட பிறகும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பல்லு ஏதும் புடுங்கணுமா? அது கீழ் மாடி."

சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்தார்.

"அந்த மாமியார் வீட்ட அழிச்சிருங்க தம்பி. அங்கன இனி ஒண்ணும் இல்ல."

"ஏன், என்னாச்சு?"

"மூணு வள்ளம் வந்து நின்னு தொடச்சு எடுத்துட்டான். நான் போகும்போது ரெண்டு வள்ளம் அங்கன நங்கூரம் போட்டுக் கெடக்கு. சரியா அந்த எடத்துல. ஒரு கெசம் அங்கிட்டு இங்கிட்டு இல்ல. 'எப்படிலே வந்த'ன்னு கேட்டா, 'தற்செயலா'ங்கான். தற்செயலா மூணு வள்ளம் வருமா?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அழிப்பதற்காகத்தான். அட்டவணை விரிந்தது. மேல் மூலையில் வட்டம் வட்டமாக மூன்று சின்ன மிருகங்கள் உட்கார்ந்திருந்தன. பெயர் தெரியாதவர்கள் யாராவது ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த மென்பொருள் அவர்களுக்கு ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். பெயரில்லாத ஆமை. பெயரில்லாத வௌவால். பெயரில்லாத நீர்நாய். மூன்றும் அந்த நேரத்தில், அண்ணாச்சி என் எதிரே உட்கார்ந்திருந்தபோது, பதின்மூன்று வள்ளங்களின் இடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. மிருகக்காட்சி சாலை மாதிரி இருக்கிறதே என்று அரை வினாடி நினைத்தேன். அப்புறம்தான் குழுவில் போட்ட லிங்க் நினைவுக்கு வந்தது.

திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எடம் எனக்கும் என் மச்சினனுக்கும்தான் தெரியும்" என்றார் அவர். "எம் பொஞ்சாதிகூடப் பொறந்தவன். பதினோரு வருசமா மேல நின்னு எனக்குக் குழாய் புடிக்கான். நேத்து வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். கோயில்ல சத்தியம் பண்ணுதேங்கான். பண்ணாதலே, அந்தப் பாவமும் ஒனக்கு வேண்டாம்னு சொல்லி வள்ளத்த விட்டு எறக்கிட்டேன்."

ஆமை போய்விட்டது. வௌவாலும் நீர்நாயும் இருந்தன.

"வேற யாராவது..." என்று ஆரம்பித்தேன்.

"வேற யாரு? நீங்க ஒராளு. ஒங்களச் சந்தேகப்பட முடியுமா? நீங்க கடலுக்கே போகமாட்டியளே."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது, "அழிச்சாச்சு அண்ணாச்சி" என்ற இரண்டு வார்த்தைகள்தான். அதுவும் பொய்.

அவர் படியிறங்கிய பிறகு லிங்க்கை மூடினேன். மிருகங்கள் மறைந்தன. உறை, உள்ளுறை என்று ஒவ்வொன்றாகப் பூட்டினேன். அவசரத்தில் ஒரு கோப்பிலிருந்து என்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டேன்.

டைரக்டர் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லிங்க்கை மூடிட்டீங்கல்ல?"

"மூடிட்டேன் மேடம்."

"அப்போ இஷ்யூ முடிஞ்சுது. இதை மெயில்ல எழுதாதீங்க. ஃபண்ட் குடுக்கிறவங்க பார்க்கிற மெயில் அது. வெளியேயும் பேச வேண்டாம். வேற யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே?"

யாரும் பண்ணவில்லை. அதுதான் இன்னும் மோசம். அந்த அட்டவணையைக் குழுவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தாங்கள் பார்த்ததை ஒத்துக்கொள்ள வேண்டிவரும். இடம் பறிபோனவர்களும் வாய் திறக்கவில்லை, அவர்களில் பாதிப் பேர் அடுத்தவன் இடத்துக்கும் போய் வந்திருப்பார்கள். ஆக மொத்தம் கரை முழுவதும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு அமைதியாக இருந்தது. அந்த மாதத்தில் வேறு இரண்டு வள்ளங்களிலும் ஆள் மாறினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று கீழே பல் ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கும் ஒன்றைப் பிடுங்கிவிடச் சொல்லலாமா என்றிருந்தது.

குழாய் பிடிப்பது என்றால் என்னவென்று எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான காற்றுக் குழாய் கடலுக்குள் போகும். குளிக்கிறவர் அதன் நுனியை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் குனிந்து நடப்பார். மேலே ஒருவர் அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்பார். குழாய் முறுக்கிக்கொள்ளக் கூடாது. காற்று திசை மாறி எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் போய்விடக் கூடாது. கீழே இருப்பவர் ஒரு சுண்டு சுண்டினால் ஒரு பொருள், இரண்டு சுண்டினால் வேறு பொருள். இதெல்லாம் அவர் கைக்குத் தெரிய வேண்டும். கீழே போகிறவர் தன் மூச்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதை எங்கள் பயிற்சியிலேயே படம் போட்டுக் காட்டியிருந்தோம். அந்தப் படமும் அதே உறைக்குள்தான் இருந்தது.

அண்ணாச்சிக்குப் புதிதாகக் குழாய் பிடிக்க வந்தவன் கூலிக்கு வந்த ஆள். நல்லவன்தான் என்றார்கள். போன் பார்த்துக்கொண்டே இருப்பான் என்றும் சொன்னார்கள்.

நான் காலையில் அலுவலகத்துக்கு நேராகப் போகாமல் திரேஸ்புரம் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். வள்ளங்கள் கிளம்புவதைத் தூர நின்று பார்ப்பேன். அவர் வள்ளம் போகும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போய், வந்துவிட்டதா என்று பார்ப்பேன். வந்திருக்கும். இதைத் தவிர அவருக்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு வாய்ச்சொல்லுக்குச் சோம்பல்பட்டுத் தினமும் எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன். நாள்தோறும், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று எனக்கு நானே அனுமதி வழங்கிக்கொண்டேன். அட்மின் அல்லவா?

மூன்றாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கரையில் டீக்கடையில் நிற்கும்போது பேச்சு காதில் விழுந்தது.

"நேத்து நம்ம அண்ணாச்சி மேல வந்தாருலா, ஒரே தலவலி. வாந்தியா எடுத்தாரு. புகை உள்ள போயிட்டு போல."

"குழாய் புடிச்சவன் என்ன செஞ்சான்?"

"அவனுக்கென்ன தெரியும்? பழைய ஆளு இருந்தா காத்து திரும்பும்போதே வள்ளத்தத் திருப்பியிருப்பான்."

"இன்னும் அஞ்சு நிமிசம் கீழ இருந்திருந்தா வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும்."

கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். வாந்தி எடுப்பதில் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அந்த வேடிக்கையை நான் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து வீட்டில் இருப்பார் என்று தெரியும். வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு அரைக் கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டேன். உலகத்தில் மக்ரூன் டப்பாவோடு, பாவத்தை ஒத்துக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் மனைவி, அந்த மச்சினனின் அக்கா, தரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவரும் கணவரும் மூன்று வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்பது, உள்ளே நுழைந்த ஒரு நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வதைக்கூட அண்ணாச்சி சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, ஒங்க எடத்த வெளிய விட்டது மச்சினன் இல்ல. நான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி சிரித்தார்.

"அவன் ஒங்களப் பாத்தானா? அழுதானா?"

"இல்ல, நிசமாத்தான்."

"தம்பி, நீங்க நல்லவரு. எல்லாரையும் சிரிக்க வைக்கணும், சேத்து வைக்கணும்னு நெனைக்கிய. அதுக்காவ இப்படிப் பழியத் தூக்கி ஒங்க தலையில போடாதிய. மக்ரூன் வேற வாங்கிட்டு வந்திருக்கிய!"

எத்தனையோ இடங்களில் நான் பொய் சொல்லி நம்ப வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையைச் சொல்லப் போனேன், வேடிக்கைக்காரன் என்று தள்ளிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பெயரை நான்தான் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தேன்.

மனைவி மீனை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"எப்படி விட்டிய? வெவரமாச் சொல்லுங்க."

சொன்னேன். உறை, அதற்குள் உறை, படங்கள், லிங்க். அவர் பத்தாவது வரை படித்தவர், மகளிர் குழுவில் எழுத்து வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"அந்தப் போட்டோ வந்துதே, அந்த லிங்கா?"

"அதேதான் அக்கா."

"நானும் அதத் தொட்டுப் பாத்தனே! தொப்பியோட இவிய நிக்க படத்த எடுத்து எங்க அம்மாவுக்கும் அனுப்பினேன்."

போனை எடுத்தார். குழுவில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். ரோஜாப்பூ, கைகூப்பிய படம், மாதா படம், அதற்கு மேலே என் லிங்க். அதைத் தொட்டார். திரையில் 'உங்களுக்கு அனுமதி இல்லை, கேட்டுப் பாருங்கள்' என்ற பொருளில் இங்கிலீஷில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர், கீழே இருந்த பொத்தானை அழுத்தினார்.

என் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

"ஒங்களுக்குத்தான் வந்திருக்கு. தொறங்க" என்றார். "இவிய கண்ணால பாக்கட்டும். அதுல எடம் இருக்கா இல்லையான்னு பாத்தா முடிஞ்சுது."

எடுத்துப் பார்த்தேன். அவர் விண்ணப்பம். அனுமதி, மறுப்பு என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் போதும், அண்ணாச்சி நம்பிவிடுவார். மச்சினன் தப்பித்துவிடுவான்.

"தொறக்க முடியாது அக்கா."

"ஏன்?"

"இதுல ஒங்க எடம் மட்டும் இல்ல. மத்த பன்னெண்டு வள்ளக்காரங்க எடமும் இருக்கு. மூணு பேருக்குத்தான் காட்டுவேன்னு அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

"ஊரே பாத்தாச்சுங்கிய. இன்னும் என்ன?"

"ஊரு பாத்தது என் தப்பால. இப்பத் தொறந்தா நான் தெரிஞ்சே செய்யது."

அவர் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்பிக்காக அந்த வீட்டில் மூன்று வாரம் பேசாமல் இருந்தவர். நான் ஒரு பொத்தானுக்காக அவர் தம்பியைக் கைவிடுவதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் பட்டது. மறுப்பைத் தொட்டேன். அவர் போனில் ஒன்றும் சத்தம் வரவில்லை.

கட்டிலில் இருந்தவரின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நெசமாத்தான் சொல்லுதியளா?" என்றார், மெதுவாக.

தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு ஒங்க ஆபீசுல வந்து சொன்னேனே, அப்பமே தெரியுமா ஒங்களுக்கு?"

"நீங்க சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான் தெரிஞ்சுது."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை ஓங்கவில்லை. மக்ரூன் டப்பாவை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் தள்ளி வைத்தார்.

"பதினோரு வருசம்" என்றார். "அந்தப் பயலப் பாத்து நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? எங்க மாமியா முன்னால வச்சுப் பேசினேன். நீங்க எடத்த விட்டது போகட்டும். கடல்ல எடம் இன்னொண்ணு கெடைக்கும். அந்த மூணு வாரம் என்னத்துக்குச் சும்மா இருந்திய?"

எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அந்தப் பை காலி.

அன்று சாயங்காலமே அவர் மச்சினன் வீட்டுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் அதே வாட்ஸப் குழுவில் நடந்ததை என் குரலில் பேசிப் போட்டேன். அட்டவணை வெளியே வந்தது என்னால், எந்த வள்ளத்திலும் எந்தக் கூட்டாளியும் காட்டிக்கொடுக்கவில்லை, ஆளை இறக்கியவர்கள் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள் என்று. யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். கடைசியில் நானும், போனைத் தொலைத்துவிட்ட ஒருவரும்தான் மிச்சம். மேடம் திங்கட்கிழமை கூப்பிட்டு, அட்மின் வேலையை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும் என்றேன். அதுவும் சில உறைகளுக்குத்தான்.

புதன்கிழமை காலையில் திரேஸ்புரம் போனேன். வள்ளத்தில் அண்ணாச்சி இருந்தார். மச்சினனும் இருந்தான். அப்போதுதான் அவனை முதன்முதலாகப் பக்கத்தில் பார்க்கிறேன். முப்பது வயதிருக்கும், அக்காவின் ஜாடை. எஞ்சின் பக்கம் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். குழாய்ச் சுருளுக்குப் பக்கத்தில் கூலிக்கு வந்தவன் உட்கார்ந்திருந்தான்.

அக்கா சோற்று வாளியை வள்ளத்துக்குள் கொடுத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வந்துட்டாரேக்கா" என்றேன்.

"வந்துட்டான். 'நம்புதேன் மச்சான், ஒண்ணுமில்ல'ன்னு சொன்னான். இவிய அழுதாவ. அவனும் அழுதான்."

"அப்புறம்?"

"குழாயத் தொடமாட்டேங்கான்."

"ஏன்?"

"நாளைக்கு எனக்கே தெரியாம ஒரு தப்பு நடந்தா, வேணும்னே செஞ்சேன்னு மச்சான் நெனைக்கமாட்டாவளான்னு கேக்கான். அதான் கூலிக்கு வந்தவனையே வச்சிருக்காவ."

அண்ணாச்சி முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குழாயின் நுனியை எடுத்து ஊதிப் பார்த்தார். கூலிக்கு வந்தவன் எழுந்து சுருளைப் பிரித்தான். அண்ணாச்சி அவனைப் பார்க்கவில்லை, எஞ்சின் பக்கம் பார்த்தார். மச்சினன் குனிந்த தலையை நிமிர்த்தாமல் எஞ்சினைக் கிளப்பினான்.

"இன்னைக்காவது புடிப்பாரா?" என்றேன்.

"அத எங்கிட்டக் கேக்காதிய தம்பி" என்றார் அக்கா. சேலையைப் பிழிந்துகொண்டு, என்னைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தார்.

வள்ளம் வெளியே போய்விட்டது. நான் வண்டியை எடுக்காமல் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.